ஊற்றில் இருந்த இரண்டாவது குழாய்

கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் கேட்டது ஒன்றும் குறுக்கு விசாரணை இல்லை. ரொவீனா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சரிவில் மூச்சு வாங்க ஏறி வந்து, ஊற்றின் மேல் கட்டியிருந்த சிமெண்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு மானியப் படிவத்தில் பேனாவை வைத்தபடி கேட்டாள்.

"இந்த ஊத்துல உங்களைத் தவிர வேற யாராவது தண்ணி எடுக்கறாங்களா?"

"இல்லை," என்றாள் ரொவீனா.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. தும்மல் மாதிரி வந்துவிட்டது. பெட்டியிலிருந்து கீழ்ப்பக்கம் ஓடிய இரண்டாவது குழாயை முந்தின நாளே அவள் பெரணித் தழையும் சருகும் போட்டு மூடியிருந்தாள். அதற்கும் அவள் பெரிதாக யோசிக்கவில்லை. விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவது போல, அரசாங்க வண்டி வருமுன் பக்கத்து வீட்டுக்காரரின் தடத்தை மூடிவைப்பது ஆல்டர் மேடு என்ற அந்த மலையில் வழக்கம்.

ப்ரிசிலா அவெலார் என்ற அந்தப் பெண் படிவத்தில் ஒரு கோடு போட்டாள். ரொவீனா கீழே கையெழுத்திட்டாள். அப்போது அக்டோபர், மலையில் அறுவடை நாற்றம் தூக்கலாக இருந்தது.

ரொவீனா டாக்கெட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. கலிபோர்னியாவின் தெற்கே வெயில் காயும் ஊரொன்றில், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்தவள். முப்பத்து மூன்றாவது வயதில் கிப் என்ற ஒருவனோடு இந்த வடக்கு மலைக்கு வந்து நிலம் வாங்கினாள். கிப்புக்கு மலை பிடித்தது, மழை பிடிக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் தன் கிட்டாரையும் வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பளி போனதுதான் அவளுக்கு வருத்தம்.

தனியாக நின்றாள். கஞ்சா பயிரிட்டாள், அந்த மலையில் வேறென்ன விளையும்? பதினொரு வருடம் பள்ளிப் பேருந்தும் ஓட்டினாள். ஏறும் பிள்ளைகளிடம் "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று புது ஆசிரியை யாராவது கேட்டால், ஏழு வயதுப் பொடிசுகூட "தச்சு வேலை" என்று பளிச்சென்று சொல்லும். அத்தனை தச்சர்கள் இருந்தும் மலையில் ஒரு நாற்காலி நேராக நின்றதில்லை. ரொவீனா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

மலைக்கு இருந்தது ஒரே கட்டளை. யார் கேட்டாலும் எதைக் கேட்டாலும், அடுத்தவரைப் பற்றியென்றால் உனக்குத் தெரியாது. நீயாகவும் கேட்காதே. நிலப்பத்திரம், கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அது.

வெண்டல் அவளுக்கு முன்பே அங்கே இருந்தவர். அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். ஒல்லி, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். அவள் வந்த முதல் வாரத்திலேயே, காட்டுப் பிளம் பழ ஜாம் ஒரு பாட்டிலோடு கீழிருந்து ஏறி வந்தார்.

"ஊத்து உன் நிலத்துல இருக்கு. அதுல என் குழாய் ஒண்ணும் இருக்கு. உனக்கு ஏதாவது தொந்தரவா?"

"எனக்கென்ன தொந்தரவு? ஜாம் மட்டும் வருஷா வருஷம் வரணும்."

"பேராசைக்காரி," என்றார் வெண்டல். பத்திரம் முடிந்தது.

அவள் வந்த மூன்றாவது ஆகஸ்டில் ஹெலிகாப்டர் வந்தது. கஞ்சா தேடித் துப்பாக்கியோடு இறங்கிய போலீஸ்காரர்கள் வெண்டலைப் பிடித்து, அவருடைய பிக்கப் வண்டியின் பம்பரோடு கைவிலங்கிட்டுக் கட்டினார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை வெயிலில் நின்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று ஏழெட்டு முறை கேட்டார்கள். "மேல காடு," என்றார். "காட்டுல கரடி இருக்கு." அவருடைய செடிகளை எல்லாம் வெட்டித் தூக்கிப் போனார்கள். மேலே நாற்பது செடிகளோடு மாட்ரோன் மரங்களுக்கு இடையில் குப்புறப் படுத்திருந்த ரொவீனாவை யாரும் தேடவில்லை. சாயங்காலம் அவள் மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். மணிக்கட்டில் தோல் உரிந்து போயிருந்தது. அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தக்காளிக்கு இந்த வருடம் புழு அதிகம் என்றார். அவளுக்குத்தான் அழுகையாக வந்தது.

இப்படி ஒரு மனிதருக்காக ஒரு 'இல்லை' சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கஞ்சா வளர்க்கலாம் என்று சட்டம் மாறியதும் மலை தலைகீழானது. ஒளிந்து வளர்த்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று லைசென்ஸ் வாங்கவேண்டி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். விலை விழுந்தது, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நிபுணர் தேவைப்பட்டார், பாதிப் பேர் நிலத்தை விற்றுவிட்டு இறங்கிப் போனார்கள். ரொவீனா பல்லைக் கடித்துக்கொண்டு லைசென்ஸ் எடுத்தாள். வெண்டல் எடுக்கவில்லை. "என் மூட்டு வலிக்குப் பத்துச் செடி வளக்கறேன். இதுக்குப் போய் எவன்கிட்டயாவது கைகட்டி நிப்பனா?" என்றார்.

லைசென்ஸ் வந்தபோது தண்ணீர் போனது. ஏப்ரல் முதல் அக்டோபர் முடியும்வரை ஊற்றுத் தண்ணீரைச் செடிக்கு எடுக்கக்கூடாது. கீழே ஓடையில் சால்மன் மீன் குஞ்சுகள் சாகும் என்றது விதி. விதியில் தப்பில்லை; மூன்று வறட்சியில் ஊற்றே கட்டைவிரல் பருமனிலிருந்து சுண்டுவிரல் பருமனுக்கு இளைத்திருந்தது. ஆனால் செடி குடிப்பது என்னவோ ஜூலையில்தான். இரண்டு கோடை அவள் பயிரில் பாதியைக் கண்ணெதிரே கருகவிட்டாள். தோட்டத்து மோட்டாருக்கும் விசிறிகளுக்கும் டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வருமானம் அதன் வாயிலேயே போனது. இன்னொரு கோடை அப்படிப் போனால் நிலம் கையில் நிற்காது.

அந்த நேரத்தில்தான் கவுண்டியின் மானியம். சிறு விவசாயிகள் தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த, மழைக்காலத்தில் நிரப்பிக்கொள்ள ஐயாயிரம் கேலன் தொட்டிகள் நான்கு, சொட்டுநீர்க் குழாய், சோலார் தகடுகள். அடுத்த வருடம் ஒரு மழைநீர்க் குளமும் வெட்டித் தருவார்களாம். ரொவீனா கடிதத்தை மூன்று தடவை படித்தாள். அரசாங்கம் என்றால் வானத்திலிருந்து இறங்கி வெட்டுகிற கூட்டம் என்றே பழகியவளுக்கு, அது தொட்டி கொடுக்கிறது என்று நம்பச் சிரமமாக இருந்தது.

டிசம்பரில் தொட்டிகள் வந்தன. குளிர்கால மழையில் நான்கும் நிரம்பின. தட்டிப் பார்த்தால் அடியிலிருந்து மேல்வரை ஒரே திடமான ஓசை. மார்ச்சில் கூரையில் தகடுகள் ஏறின. ஜெனரேட்டரை நிறுத்திய அன்று அவளுக்குக் காது அடைத்தது போலிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது: மரங்கொத்தி, ஓடை, கீழே வெண்டலின் கோழிகள், அவர் கோழிகளைத் திட்டுவது.

மே மாதம் கான்ட்ராக்டரின் ஆள் வந்தான். டுவைட் என்று பெயர். ஊற்றுப் பெட்டியைச் சீர்செய்து, ரொவீனாவின் வீட்டுக் குடிதண்ணீருக்கு மட்டும் மீட்டர் வைத்த ஒரு குழாயை விட்டு, மிச்சத் தண்ணீரையெல்லாம் ஓடைக்குத் திருப்பி, மூடி போட்டு முத்திரைப் பூட்டுப் பூட்டுவது அவன் வேலை. பூட்டு என்று ஒன்று வரப்போவது ரொவீனாவுக்கு அப்போதுதான் தெரியும். படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததாம். ஒன்பதாம் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்?

டுவைட் மண்வெட்டியால் சருகைத் தள்ளியதும் குழாய் வெளியே வந்தது.

"இது என்ன, ரெண்டாவது ஒண்ணு ஓடுது? ப்ளான்ல இல்லையே. யாரோடது?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் படிவத்தில் அவள் கையெழுத்து இருந்தது, டுவைட் கையில் ஃபோன் இருந்தது, இருபத்தாறு வருடப் பழக்கம் தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

"என்னோடதுதான். பழசு. சும்மா ஓடிட்டுக் கிடக்கு."

"அப்போ எடுத்துரலாம்ல?"

அவள் தலையை ஆட்டினாள். இரண்டே நிமிட வேலை. அறுத்து, முனையை அடைத்து, கீழே கிடந்த துண்டை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான். அவன் போனதும் பூட்டை உடைத்து மறுபடி சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். மூடியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் முத்திரையும் எண்ணும் தெரிந்தது. உடைத்தால் தொட்டியும் போகும், லைசென்ஸும் போகும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆல்டர் மேட்டுத் தவளை வாயைத் திறக்காமலே கெட்டது.

அவள் கீழே இறங்கிப் போனபோது வெண்டல் சமையலறைக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். குழாய் இருமியது, நின்றது.

"உன் பக்கம் ஏதாவது அடைச்சுக்கிச்சா, ரோ?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மானியம், படிவம், பூட்டு. கடைசியில் கேள்வியையும் சொன்னாள்.

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னுட்டேன்."

"அப்புறம் என்ன? சரியாத்தான் சொல்லியிருக்கே." அவர் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நானா இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன்."

"வெண்டல், உன் குழாயை அறுத்துட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"காது கேக்குது எனக்கு. காப்பி போடவா? கெட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு."

அவர் கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். மிச்சத் தண்ணீரில் காப்பி போட்டு அவளுக்குக் கொடுத்தார். அதை அவள் விழுங்கிய விதம் அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து வெண்டல் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். தினம் காலை ஏழு மணிக்குப் பழைய பிக்கப்பைக் கிளப்பி, பத்து மைல் கீழே கடைத்தெருப் பம்பில் பிடித்து, ஒன்பதரைக்கு முனகிக்கொண்டு ஏறி வருவார். ஜெனரேட்டர் ஓடிய காலமாக இருந்தால் ரொவீனாவுக்குக் கேட்டிருக்காது. இப்போது வளைவுக்கு வளைவு கியர் மாறுவது, கேன்களை இறக்குவது, இறக்கும்போது அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு விடும் கெட்டவார்த்தை, எல்லாம் காதில் விழுந்தது. அவளுடைய சொட்டுநீர்க் குழாயில் அதே நேரத்துக்குத் தண்ணீர் இறங்கும். செடிகள் தளதளவென்று நின்றன. பத்து வருடத்தில் இப்படி ஒரு பயிர் அவள் பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

தொட்டித் தண்ணீர் செடிக்கென்றே அளந்தது, குடிக்கவும் உதவாது. தன் வீட்டுக் குழாயில் பிடித்து ஆறு கேன் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். மறுநாளும் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் ஆறு கேனும் நிரம்பியபடியே அவளுடைய வாசல் கதவருகே வரிசையாக நின்றன. அவள் கோபத்தோடு இறங்கிப் போனாள்.

"உனக்கு ரோஷம் வந்துருச்சா? என் தண்ணி கசக்குதா?"

"கத்தாதே. உன் மீட்டர்ல எண்ணு ஏறுது. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு தண்ணின்னு அந்தப் பொண்ணு வந்து கேப்பா. நீ எனக்காக இன்னொரு பொய் சொல்லணும். போதும், ஒண்ணுக்கே இந்தப் பாடு."

"குளிக்கிறேன்னு சொல்றேன்."

"உன்னைப் பாத்தா யாரும் நம்பமாட்டாங்க," என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் கேன்களை அவர் தொடவில்லை.

ஜூலையில் வெயில் ஏறியது. அவருடைய தக்காளி போனது, பிறகு பீன்ஸ். கோழிகளைப் பாதி கொடுத்துவிட்டார். அவர் தாடி சவரம் செய்வதை விட்டிருந்ததை ரொவீனா கவனித்தாள். கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் இல்லை.

கடைசியில் தாங்காமல் ப்ரிசிலாவுக்கு ஃபோன் செய்தாள். பொதுவாகக் கேட்பது போல, வேறு யாரோ ஒருவருடைய கதை போல.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு ஊத்துல பக்கத்து வீட்டுக்காரரும் தண்ணி எடுத்தா, அவருக்கு என்ன தண்டனை?"

"தண்டனையா? எதுக்கு?" ப்ரிசிலாவின் குரலில் ஆச்சரியம். "வீட்டுக்குக் குடிக்கத்தானே? செடிக்குத்தாங்க கோடைத் தடை. வீடு ஒண்ணு இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா, அவங்களுக்கும் ஒரு மீட்டர் வெச்சு விட்டுருவோம். செலவுகூட மானியத்துலயே வரும்."

"அவரு லைசென்ஸ் இல்லாம நாலு செடி வெச்சிருந்தா?"

"நான் தண்ணிப் பிரிவு. செடியை எண்றது என் வேலை இல்லை."

ரொவீனா ஃபோனை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். 'ஆமாம், கீழே ஒரு வீடு இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் வெண்டலுக்குப் புதுக் குழாயே வந்திருக்கும். காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்தது அவர் தண்ணீரையே அறுத்துவிட்டது. எதிரி வருவான் என்று வாசலை அடைத்தவள், வந்தவன் கையில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு உடைத்தாள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில், இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனாள். ஒன்றரை மணி நேரப் பயணம். ப்ரிசிலாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும், வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முன்னுரை மறந்துபோனது.

"நான் பொய் சொன்னேன். அந்த ஊத்துல இன்னொரு வீடு குடிக்குது. எனக்கு முன்னாலேர்ந்து குடிக்குது."

ப்ரிசிலா பேனாவை வைத்தாள். "ரொவீனா, இல்லைன்னு எழுத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்போ நான் ஃபைலைத் திறந்தாகணும். குளத்து வேலை நிக்கும். லைசென்ஸ் பக்கத்துலேர்ந்தும் கேள்வி வரும். இந்த வருஷப் பயிரை விக்கறதுக்கே தடை வந்தாலும் வரலாம்."

"வரட்டும். அந்தாளு அறுபத்தெட்டு வயசுல தினம் தண்ணி சுமக்கறாரு. அவர் குழாயை மொதல்ல போடுங்க."

ப்ரிசிலா இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தாள். "இதுக்கு மூணு நாள்தான் ஆகும். நான் முன்னால தள்ளிவிடறேன். சொல்லுங்க. வீட்டுல எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"எத்தனை வருஷமா எடுக்கறாரு?"

"முப்பதுக்கு மேல."

"குழாய் சைஸ்?"

"முக்கால் அங்குலம்." எல்லாவற்றுக்கும் பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவருக்கு எந்த முட்டி வலிக்கும் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

"பேரு?"

"வெண்டல்."

"வெண்டல்... முழுப் பேரு?"

அது ரொவீனாவுக்குத் தெரியாது. இருபத்தாறு கிறிஸ்துமஸ் அவரோடு சாப்பிட்டிருக்கிறாள். அவருக்கு நிமோனியா வந்த வருடம் பதினான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு ஒரு கடிதம் வந்து அவள் பார்த்ததில்லை. வெண்டல் என்பதாவது அவர் தாய் வைத்த பெயர்தானா என்பதும் அவளுக்குத் தெரியாது. ஒரு அந்நியப் பெண்ணின் முன்னால் அவளுக்கு முகமெல்லாம் சுட்டது.

"நான் அவர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வரேன்," என்றாள்.

"முழுப் பேரும் கையெழுத்தும். அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ணமுடியாது," என்று தாளை நீட்டினாள் ப்ரிசிலா.

திரும்பி மலையேறும்போது வேகமாக ஓட்டினாள். வெண்டலின் முற்றத்தில் பிக்கப் நின்றது. தண்ணீர்க் கேன்களுக்குப் பதில் அதில் அட்டைப்பெட்டிகளும் ஒரு கட்டில் சட்டமும் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. அவர் கோழிக்கூட்டின் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கடலோரமா ஒரு ட்ரெய்லர் இருக்கு. குழாயைத் திருகினா தண்ணி வருமாம்." அவர் சிரிக்க முயன்றார். "முட்டி முடியலை, ரோ. உன்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் காத்திட்டிருந்தேன்."

"போகவேணாம். நான் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு நாள்ல உனக்குக் குழாய் வரும். சட்டப்படி, மீட்டரோட. அவங்க உன் செடியைப் பாக்கவே போறதில்லை." அவள் மூச்சு விடாமல் பேசினாள். தாளை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து, மேலே பேனாவை வைத்தாள். "எல்லாம் எழுதிட்டேன். உன் முழுப் பேரு மட்டும்தான் வேணும். இங்கே எழுதி, இங்கே கையெழுத்து."

வெண்டல் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடி இல்லாததால் தூரமாகப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"எல்லாம் சரியா எழுதியிருக்கே," என்று தாளை மடித்து அவள் கையில் வைத்தார். "இத்தனை வருஷத்துல நீ ஒருதரம்கூட என்னை இதைக் கேட்டதில்லை. இந்த மலையில நான் தங்கினதே அதனாலதான்."

"கேக்காம விட்டதுதான் என் தப்பு, வெண்டல்."

"இல்லைம்மா," என்றார் அவர், கோபமே இல்லாமல். "இன்னைக்குக் கேட்டே பாரு, அதுதான் தப்பு."

வண்டி முதல் வளைவில் இறங்கி, இரண்டாவது வளைவில் கியர் மாறி, மூன்றாவதிலும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டிலிருந்து வெளியே வந்த கோழிகள் காலியாகக் கிடந்த தண்ணீர்த் தட்டைச் சுற்றி நின்றன. ரொவீனா தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர மேலே ஏறிப் போனாள்.